பால்ராக்குக்கு இறக்கை உண்டா? டோல்கீன் வாதங்களுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படம் பார்த்தீர்கள், பிடித்துப்போனது. புத்தகத்தை வாங்கி இரண்டு மூன்று மாதம் மல்லுக்கட்டி முடித்தீர்கள். இதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காதா என்று தேடிப் போனால், அங்கே ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருக்கிறது. நெருப்பும் நிழலுமாக வரும் பால்ராக் என்ற பூதத்துக்கு இறக்கை உண்டா, இல்லையா? இருபது வயதுக்காரரும் அறுபது வயதுக்காரரும் பக்க எண்ணைச் சொல்லி மோதுகிறார்கள். நீங்கள் தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொல்கிறீர்கள். ஒருவர் மெல்லச் சிரிக்கிறார். இன்னொருவர், "நீங்க எந்த வருஷத்து வடிவத்தைச் சொல்றீங்க?" என்கிறார்.

அந்தச் சிரிப்பை நானும் வாங்கியிருக்கிறேன். 'செலிபார்ன்' என்று சொன்னேன். 'கெலெபோர்ன்' என்று ஒருவர் திருத்தினார். இரண்டு நாள் அவர் மேல் கடுப்பாக இருந்தது. மூன்றாம் நாள் புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினால் அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்குத்தான் பின்னிணைப்பு என்று ஒன்று இருப்பதையே கவனித்தேன்.

ஜே. ஆர். ஆர். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் மொழியியல் சார்ந்த பேராசிரியர். கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆளை உருவாக்கிவிட்டுப் பெயர் தேடுவார்கள். இவர் மொழியை உருவாக்கிவிட்டு, அதைப் பேச ஆள் தேடியவர். மொழி படைப்பதுதான் அடித்தளம், கதைகள் அதன்மேல் வந்தவை என்று கடிதம் ஒன்றில் எழுதியும் இருக்கிறார். அதனால் பாத்திரத்தைப் பற்றிய சண்டையோ, அந்த உலகத்தைப் பற்றிய சண்டையோ, எதில் மாட்டிக்கொண்டாலும் பெயரிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் கட்சி. பாதி தூரம் அதிலேயே வந்துவிடும்.

முதலில், எதைப் படித்திருக்க வேண்டும்

'ஹாபிட்' 1937இல் வந்தது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகங்களாக 1954இலும் 1955இலும் வந்தது. டோல்கீன் 1973இல் இறந்தார். அவர் வாழ்நாள் முழுக்க எழுதித் திருத்திக்கொண்டே இருந்த பழங்கதைகளை மகன் கிறிஸ்டோஃபர் தொகுத்து 1977இல் 'சில்மரில்லியன்' ஆக்கினார். அதற்குப் பிறகு 1980இல் முற்றுப்பெறாத கதைகளின் தொகுப்பு ஒன்று, 1981இல் கடிதங்கள், 1983 முதல் 1996 வரை வரைவுகளும் குறிப்புகளும் அடங்கிய 12 தொகுதிகள்.

பயப்பட வேண்டாம். முதல் இரண்டு போதும். ஆனால் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முடிவிலுள்ள பின்னிணைப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். குறிப்பாக, உச்சரிப்பும் எழுத்தும் பற்றிய இ (E), மொழிகளும் மொழிபெயர்ப்பும் பற்றிய எஃப் (F) ஆகிய இரண்டும். சண்டையில் பாதிக்கு விடை அந்தச் சில பக்கங்களில் கிடக்கிறது. 12 தொகுதிகளை இப்போதே வாங்கி அலமாரியில் அடுக்காதீர்கள். நான் அடுக்கினேன், பல வருஷம் தூசிதான் படித்தது.

வாயைப் பழக்குங்கள்

இங்கே தமிழ் பேசுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. டோல்கீன் கதைகளில் வரும் எல்ஃப் இனத்தாரின் மொழிகளில் எ, ஏ இரண்டும் வேறு. ஒ, ஓ இரண்டும் வேறு. இது ஆங்கில வாசகருக்குத் தலைவலி. நமக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம். ரோமன் எழுத்தில் உயிரின் தலையில் கோடு இருந்தால் நெடில், இல்லாவிட்டால் குறில். தலையில் இரட்டைப் புள்ளி இருந்தால், அந்த எழுத்தை விழுங்காமல் சொல்லவேண்டும் என்று பொருள். 'மன்வெ' என்ற பெயரை ஆங்கில வழக்கப்படி 'மன்வ்' என்று முடித்துவிடாமல் இருக்கத்தான் அந்தப் புள்ளி.

ஆங்கில சி எழுத்து எங்கே வந்தாலும் ககர ஒலி. என்னைக் காட்டிக்கொடுத்த விதி இதுதான்: கெலெபோர்ன், கெலெப்ரிம்போர், கிரித் உங்கோல். ஏ-யூ சேர்ந்து வந்தால் நம் ஔ. ஆகவே 'சாரான்' அல்ல, சௌரோன். ஹாபிட்டில் வரும் டிராகன் 'ஸ்மாக்' அல்ல, ஸ்மௌக். ஔவையாரைத் தவிர வேறு வேலையே இல்லாமல் கிடந்த ஒரு எழுத்துக்கு இங்கே நல்ல பிழைப்பு. டி-ஹெச் (dh) சேர்ந்து வந்தால், 'அது' என்று நாம் சொல்லும்போது நடுவில் கேட்கும் மெல்லிய தகரம். டி-ஹெச் போட்டதால் அழுத்தி 'ட்ஹ' என்று சொல்லத் தேவையில்லை.

இந்த விதிகள் எல்லாப் பெயருக்கும் பொருந்தாது. ஹாபிட்டுகள் என்ற உயரம் குறைந்த இனத்தார் வாழும் ஷயர் நாட்டுப் பெயர்கள் ஆங்கிலம். ஆங்கிலம் போலவே சொல்லலாம். ஏன் ஆங்கிலம் என்பது அடுத்த கதை.

அதற்கு முன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கதையின் மையமான மோதிரத்தில் நெருப்பாக ஒளிரும் அந்த வளைவு நெளிவான எழுத்துக்குத் தெங்வார் என்று பெயர். அதில் முதன்மை எழுத்துகள் 24. அவை ஏபிசிடி போலக் கலைந்து கிடப்பதில்லை. வாயில் எந்த இடத்தில், எப்படிப் பிறக்கிறது என்ற ஒழுங்கில் கட்டம் கட்டி நிற்கும். உயிரொலிகள் மெய்யின் மேல் குறியாக ஏறும். உயிர்மெய் எழுதிப் பழகிய கைக்கு இதில் புதுமையே இல்லை. எல்ஃப் மொழிகளில் ஒன்றான க்வென்யாவின் வேற்றுமை உருபுகளும் அப்படித்தான்: 'வீட்டில்', 'வீட்டுக்கு', 'வீட்டிலிருந்து' என்பதைப் போல, சொல்லின் வாலில் 'ஸ்ஸெ', 'ன்ன', 'ல்லோ' என்று ஒட்டிக்கொண்டு போகும்.

இதைக் கண்டதும் நம்மவர்களுக்கு ஓர் ஆசை வரும்: "அப்ப தமிழைப் பார்த்துத்தான் செஞ்சிருக்கார்!" தயவுசெய்து வேண்டாம். க்வென்யாவுக்கு அவர் மனம் பறிகொடுத்த ஃபின்னிஷ் மொழியும், இன்னொரு எல்ஃப் மொழியான சிந்தரினுக்கு வெல்ஷும் பின்னணி என்பது அவரே சொன்னது. ஒற்றுமையை ரசிக்கலாம், உரிமை கொண்டாட முடியாது. முதல் வாரத்திலேயே இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு போனவர்களை அப்புறம் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

பெயர் யார் வைத்தது என்று கேளுங்கள்

ஹாபிட்டில் வரும் குள்ளர்களின் பெயர்கள், அவர் கற்பனையில் உதித்தவை அல்ல. பழைய நார்ஸ் மொழியில் 'வோலுஸ்பா' என்ற பாடலில் குள்ளர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பெயர்களை அதிலிருந்து எடுத்தார். மந்திரவாதி கேண்டால்ஃபின் பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. ஹாபிட்டின் முதல் வரைவில் கேண்டால்ஃப் என்பது குள்ளர் தலைவனின் பெயர். மந்திரவாதிக்கு ப்ளடோர்தின் என்று பெயர்.

சரி, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கற்பனை உலகத்தில் நார்ஸ் பெயர் எப்படி வந்தது? புதியவர்கள் இங்கே 'சோம்பேறித்தனம்' என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பின்னிணைப்பு எஃப்பில் டோல்கீன் வேறு கதை சொல்கிறார். இந்தப் புத்தகத்தை நான் எழுதவில்லை, ஹாபிட்டுகள் எழுதிய பழைய ஏட்டை மொழிபெயர்த்தேன் என்கிறார். அவர்களுடைய பொதுமொழிக்கு ஈடாக ஆங்கிலம். ரோஹன் நாட்டாரின் மொழி பொதுமொழிக்குப் பழைய உறவு. ஆகவே அதற்கு ஈடாகப் பழைய ஆங்கிலம். வடக்கில் குள்ளர்கள் வெளியாரிடம் சொல்லிக்கொள்ளும் பெயர்களுக்கு ஈடாக நார்ஸ்.

அதனால்தான் ரோஹன் மன்னன் பெயர் தேயோடென். பழைய ஆங்கிலத்தில் 'அரசன்' என்றே அர்த்தம். ஏயோவின் என்றால் குதிரையும் மகிழ்ச்சியும் சேர்ந்த பெயர். மோதிரத்தைக் கொண்டுபோகும் ஃப்ரோடோவுக்குத் துணையாக வரும் ஹாபிட் சாம் கேம்ஜியின் 'உண்மையான' பெயர் பனஸீர் கல்பஸி, செல்லமாக 'பன்'. அரைகுறைப் புத்திக்காரன் என்ற பொருள். அதே பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து சாம்வைஸ் என்று ஆக்கினாராம். இன்னொரு ஹாபிட்டான மெரியின் உண்மையான பெயர் கலிமாக். சுருக்கி 'கலி' என்றால் அவர்கள் மொழியில் குதூகலம். நம் 'களி'யும் அதுதான். தற்செயல் ஒற்றுமைதான், ஆனால் இதைப் படித்த அன்று நான் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

இதிலிருந்து கிளைக்கும் சண்டை: பெயர்களை மொழிபெயர்க்கலாமா? டச்சு மொழிபெயர்ப்பு 1950களின் நடுவிலும், ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்பு அதன்பின் சில ஆண்டுகளிலும் வந்தபோது, தன்னைக் கேட்காமல் பெயர்களில் கைவைத்துவிட்டார்கள் என்று டோல்கீன் கொதித்தார். பிறகு நிதானமாக உட்கார்ந்து, எந்தப் பெயரை அப்படியே விடவேண்டும், எதைப் பொருள்பட மாற்றவேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்தார். எல்ஃப் மொழிப் பெயரைத் தொடாதே; ஆங்கிலப் பெயர் என்றால் பொருளை மாற்று. ஜெர்மனில் பேகின்ஸ் குடும்பம் 'பாய்ட்லின்' ஆனது, டச்சில் 'பாலிங்ஸ்', பிரெஞ்சில் முதலில் 'சாக்கே', பின்னால் வந்த புது மொழிபெயர்ப்பில் 'பெசாக்'.

இதைத் தமிழில் செய்து பாருங்கள்; நல்ல பயிற்சி. பேகின்ஸில் இருப்பது பை. 'பையர் குடும்பம்' என்று வைத்தால் படிக்கிறவர் காதில் 'பையன்' என்றுதான் விழும். ஷயரை என்ன செய்வது? 'சீமை' பொருந்தும்போல இருக்கும். ஆனால் சீமை என்றதும் வெளிநாட்டுச் சாமான் ஞாபகம் வந்துவிடும். சோழர் காலத்து வரிசையில் போனால் மண்டலம், வளநாடு, நாடு, கூற்றம். எனக்கு 'வளநாடு' பிடிக்கும். விளைச்சலும் சாப்பாடும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கூற்றம் வேண்டாம், எமன் வந்து நிற்பான். காலம் என்று எழுதினால் நேரம், கோலம் என்று எழுதினால் வாசல் என்று ஆகிவிடும் அந்த மெலிந்த பிராணியின் பெயரை நான் 'கோலும்' என்று எழுதுகிறேன். அதற்கும் எதிர்ப்பு உண்டு.

வருஷத்தைக் கேளுங்கள்

"எந்த வருஷத்து வடிவம்?" என்று அவர் கேட்டது திமிர் அல்ல. 1937இல் வந்த ஹாபிட்டில் கோலும், நாயகன் பில்போவோடு போடும் விடுகதைப் பந்தயத்தில், மோதிரத்தைத் தானே பரிசாக வைக்கிறான். தோற்றதும் பரிசைக் காணோமே என்று வருத்தம் தெரிவித்து, வழிகாட்டி வெளியே அனுப்பிவைக்கிறான். பின்னால் அந்த மோதிரமே உலகத்தின் தலைவிதி என்று ஆனபோது, அதை இவ்வளவு லேசாகக் கொடுக்க முன்வருகிற கோலும் பொருந்தவில்லை. 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தை மாற்றினார். அழகு என்னவென்றால், பழைய வடிவத்தையும் அவர் தூக்கி எறியவில்லை. அது பில்போ தன் உரிமையை நியாயப்படுத்தச் சொன்ன பொய் என்று அடுத்த புத்தகத்தின் முன்னுரையில் கதைக்குள்ளேயே சேர்த்துவிட்டார். எழுத்தாளரின் திருத்தம் பாத்திரத்தின் குணமாக மாறிய இடம் இது. இதைவிட லாகவமான ஒட்டுவேலையை நான் பார்த்ததில்லை.

எல்ஃப் அரசன் கில்-கலாட் யார் மகன்? அச்சான சில்மரில்லியனில் ஃபிங்கோன் மகன். அதைத் தூக்கிக்கொண்டு வாதத்துக்குப் போகாதீர்கள். அப்படிப் போட்டது தவறு என்று தொகுத்த கிறிஸ்டோஃபரே பின்னால் எழுதிவிட்டார். தந்தையின் கடைசி எண்ணம் ஒரோட்ரெத் மகன் என்பது. புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது என்பது மட்டும் இங்கே போதாது.

என் கட்சிக்குச் சாட்சி க்ளோர்ஃபின்டெல். 1916, 17 வாக்கில் டோல்கீன் எழுதிய கொண்டோலின் நகர வீழ்ச்சிக் கதையில், க்ளோர்ஃபின்டெல் என்ற எல்ஃப் பால்ராக் ஒன்றோடு பொருதி, இரண்டு பேருமே விழுந்து சாகிறார்கள். 1954இல் வந்த புத்தகத்தில், எல்ஃப்களின் இடமான ரிவெண்டெல்லிலிருந்து க்ளோர்ஃபின்டெல் குதிரையில் வருகிறார். அதே பெயர், ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளி. எழுதும்போது பழைய பெயரைப் பெரிதாக யோசிக்காமல் எடுத்துப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். ஆனால் தன் கடைசிக் காலத்தில் அதை மறுபடி எடுத்து யோசிக்கிறார். இவ்வளவு தனித்துவமான பெயர் இரண்டு எல்ஃப்களுக்கு இருக்குமா? இருக்காது. அப்படியானால் இருவரும் ஒருவர். ஒருவர் என்றால் செத்தவர் திரும்பி வந்தாரா? எல்ஃப்கள் திரும்ப வர முடியுமா, எந்த விதிப்படி, யார் அனுமதித்து, எந்தக் காலத்தில்? ஒரு பெயர் திரும்ப வந்ததை வைத்து ஒரு பாத்திரத்தின் வாழ்க்கையும், மரணத்தைப் பற்றிய ஓர் உலகத்தின் சட்டமும் எழுதப்படுகிறது. அந்தக் குறிப்பு 1996இல் வந்த கடைசித் தொகுதியில் இருக்கிறது.

என் கட்சிக்கு எதிர்ச்சாட்சியும் உண்டு, மறைக்கக் கூடாது. அரகோர்ன் முதல் வரைவுகளில் மரச்செருப்பு போட்ட ஒரு ஹாபிட். பட்டப்பெயர் 'ட்ராட்டர்'. ஆள் மனிதனாகி, அரச வாரிசாகி, வளர்ந்து நின்றபிறகும் ரொம்ப நாள் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது; 'ஸ்ட்ரைடர்' பிற்பாடுதான் வந்தது. இங்கே ஆள் முந்திவிட்டார், பெயர் பிந்திவிட்டது.

கேள்வி உள்ளேயா, வெளியேயா

மோதிரத்தை அழிக்க அத்தனை தூரம் நடந்ததற்குப் பதில், கழுகில் ஏறிப் போய் அதை எரிமலையில் போட்டிருக்கலாமே? புதிதாக வருகிற எல்லாரும் இதைக் கேட்பார்கள், நானும் கேட்டேன். பழையவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இந்த ஒரு கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கதைக்குள் நின்று பார்த்தால்: கழுகுகள் யாருக்கும் வாடகை வண்டி இல்லை, எதிரி சௌரோனின் நாடான மோர்டோர் வானத்திலும் காவல் உண்டு, ரகசியமாகப் போவதுதான் திட்டமே. கதைக்கு வெளியே நின்று பார்த்தால்: 1958இல் ஒரு திரைக்கதை முயற்சியைப் படித்துவிட்டு டோல்கீன் எழுதிய கடிதத்தில், கழுகுகள் ஆபத்தான கருவி, அதை நான் சிக்கனமாகவே பயன்படுத்தினேன் என்கிற பொருளில் சொல்கிறார். இரண்டும் சரியான விடை. ஒருவர் உள்ளே நின்றும் இன்னொருவர் வெளியே நின்றும் பேசினால் விடியும்வரை பேசலாம். எங்கே நின்று பேசுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டாம் பாம்படில் யார் என்ற கேள்வியை முதல் வருஷம் ஒத்திவையுங்கள். அந்தப் பெயர் டோல்கீன் வீட்டுப் பிள்ளைகளின் பொம்மை ஒன்றுக்கு உரியது. அவர் புதிராக இருக்கவேண்டும் என்றே வைத்தேன் என்று ஆசிரியரே 1954இல் எழுதிவிட்டார்.

ஆட்களைப் பற்றிச் சண்டை போடும்போது

ஃப்ரோடோ தோற்றானா? கடைசி நொடியில் அவன் மோதிரத்தை எறியவில்லை, தனக்கே என்றான். கோலும் விரலோடு கடித்துப் பறித்து, தவறி விழுந்ததால் வேலை முடிந்தது. 'அப்போ ஹீரோ தோற்றுவிட்டான்' என்பது ஒரு கட்சி. எந்த உயிராலும் அந்த இடத்தில், அந்த நிலையில் எதிர்த்து நின்றிருக்க முடியாது, ஆகவே அது ஒழுக்கத் தோல்வி அல்ல என்று டோல்கீன் 1963இல் எழுதினார். சாம்தான் உண்மையான நாயகன் என்று வேறொரு கட்சி. அதற்கும் அவருடைய கடிதத்திலேயே 'முதன்மை நாயகன்' என்ற ஆதாரம் உண்டு. எனக்கு ஃப்ரோடோ கட்சி. கோலுமைக் கொல்லாமல் விட்டது அவன்; அந்த இரக்கம் இல்லாவிட்டால் கடைசியில் கடிக்க ஆளே இல்லை.

படமா புத்தகமா என்று முன்கூட்டியே தெளிவுபடுத்துங்கள். படத்தில் ஃப்ரோடோ இளைஞன். புத்தகத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வயது 50. மோதிரம் கைக்கு வந்து 17 வருஷம் கழித்துத்தான் கிளம்புகிறான். அரகோர்னுக்கு அப்போது 87. 2002இல் வந்த படத்தில் ஃபராமிர் மோதிரத்தோடு ஃப்ரோடோவை இழுத்துக்கொண்டு போகிறான். புத்தகத்து ஃபராமிர், தெருவில் கிடந்தாலும் அதை எடுக்கமாட்டேன் என்கிறவன். இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக நினைத்துப் பேசி நட்பு முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஏயோவின் காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சௌரோனின் தளபதியான சூனிய அரசன் எந்த 'மேன்' கையாலும் வீழமாட்டான் என்பது பழைய வாக்கு. அதைச் சொன்னதும் நம் க்ளோர்ஃபின்டெல்தான். கடைசியில் அவனை வீழ்த்துவது ஏயோவின் என்ற பெண்ணும், பின்னாலிருந்து குத்திய மெரி என்ற ஹாபிட்டும். ஆங்கிலச் சொல்லுக்கு ஆண் என்றும் மனிதன் என்றும் இரண்டு பொருள். ஏயோவின் ஆண் இல்லை. மெரி மனித இனமே இல்லை. யாரால் வாக்கு பலித்தது என்பது சண்டை. மெரியின் கத்தி பழைய கல்லறை மேட்டிலிருந்து எடுத்தது, அந்த அரசனோடு போரிட்ட மக்கள் வார்த்தது. வேறெந்தக் கத்தியாலும் அப்படி ஒரு காயம் ஏற்பட்டிருக்காது என்று புத்தகமே சொல்கிறது. ஆகவே மெரி கட்சிக்கு வலு உண்டு.

இதைத் தமிழில் சொல்ல முடியாது, ஆண் என்றோ மனிதர் என்றோ ஒன்றைத் தேர்ந்துதான் ஆகவேண்டும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். நானும் ஒப்புக்கொண்டேன். மறுநாள் பேருந்தில் போகும்போதுதான் உறைத்தது: 'மனிதன்'. சொல்லின் பொருள் மனித இனம், ஈற்றில் இருப்பதோ ஆண்பால் விகுதி. "எந்த மனிதன் கையாலும் வீழமாட்டான்" என்றால் இரண்டு கதவும் திறந்தே இருக்கிறது. ஏயோவினும் மெரியும் ஆளுக்கொரு கதவு வழியாக வந்துவிடலாம்.

உலகத்தைச் சோதிக்கும்போது

அரகோர்ன் நன்றாக ஆண்டான் என்றால் போதுமா, அவனுடைய வரிக் கொள்கை என்ன என்று 2014இல் ஒரு பேட்டியில் கேட்டார் இன்னொரு பெரிய மிகைபுனைவு எழுத்தாளரான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லா உலகத்தையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டியதில்லை. டோல்கீனின் கவனம் வரியில் இல்லை. சொல்லில், நிலாவில், நடந்த தூரத்தில் இருந்தது. பயணத்தில் எந்த இரவு என்ன பிறை என்று பொருத்திப் பார்த்துத் திருத்தியவர்.

பொருளாதாரமே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். மோர்டோர் சாம்பல் காட்டில் இவ்வளவு பெரிய படைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது? தெற்கே நூர்னென் கடலோரம் அடிமைகள் உழுகிற பெரிய வயல்கள் உண்டு என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டுத்தான் போகிறார். ஒரே பத்தி, வேகமாகப் படித்தால் தவறிவிடும்.

எனக்குப் பிடித்தது ஊறுகாய் விவகாரம். 1937 ஹாபிட்டில் கேண்டால்ஃப் பில்போவிடம் ஆறிய கோழியும் தக்காளியும் கொண்டுவரச் சொல்கிறார். 1966 பதிப்பில் தக்காளி போய் ஊறுகாய் வந்துவிட்டது. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, பழங்கால ஐரோப்பா போன்ற உலகில் அதற்கு இடமில்லை என்பதால் மாற்றினார் என்பதே பெரும்பாலோர் தரும் விளக்கம். அப்படியானால் சாம் ஆசை ஆசையாகப் பேசும் உருளைக்கிழங்கு? அதுவும் அங்கிருந்து வந்ததுதானே? அது மட்டும் தப்பித்துவிட்டது. சாமிடமிருந்து உருளைக்கிழங்கைப் பிடுங்க ஆசிரியருக்கே மனம் வரவில்லை என்பது என் ஊகம்.

தீயவர் படையாக வரும் ஆர்க்குகள் எங்கிருந்து வந்தன என்பது இதைவிடக் கனமான விஷயம். பிடிபட்ட எல்ஃப்களைச் சிதைத்து உருவாக்கியது என்கிறது சில்மரில்லியன். அப்படியானால் அவற்றுக்கும் ஆன்மா உண்டு. ஆன்மா இருந்தால் ஒரு இனமே மீட்சியில்லாத தீமை என்று எப்படிச் சொல்வது? டோல்கீனுக்கே இது உறுத்தியது. மனிதரிலிருந்து, மிருகத்திலிருந்து என்று பிற்காலக் குறிப்புகளில் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார், ஒரு முடிவுக்கு வரவில்லை. இங்கே ஜெயிக்கப் பார்க்காதீர்கள், கேளுங்கள்.

இனி அந்த இறக்கை

சாமான்களெல்லாம் கையில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். மோரியாப் பாலத்தில் பால்ராக் வரும்போது, அதைச் சுற்றியுள்ள நிழல் இரண்டு பெரிய இறக்கைகள் போல விரிந்தது என்று உவமையாக எழுதுகிறார். சற்று நேரத்தில், அதன் இறக்கைகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்று 'போல' இல்லாமல் எழுதுகிறார். இறக்கை இல்லை என்கிறவர்: முதலில் உவமை, பிறகு அதே உவமை சுருங்கி உருவகமானது, நிழலைத்தான் சொல்கிறார். இறக்கை உண்டு என்கிறவர்: தூரத்தில் மங்கலாகத் தெரிந்தது கிட்ட வந்ததும் தெளிவானது. தமிழ் இலக்கணத்தில் 'முகம் மலர் போன்றது' என்பதற்கும் 'முகமலர்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் படித்தவருக்கு இந்தச் சண்டை ரொம்பப் பரிச்சயம்.

"இறக்கை இருந்தால் ஏன் பள்ளத்தில் விழுந்தது?" என்று யாராவது கேட்பார்கள். கோழிக்கும் இறக்கை இருக்கிறது என்று பதில் வரும். 2001 படத்தில் இறக்கை தெரிந்ததே என்பார் ஒருவர்; அது படம். எத்தனை பால்ராக் என்று பேச்சு திரும்பினால் வருஷத்தைக் கேளுங்கள்: பழைய வடிவங்களில் படைபடையாக வரும், பிற்காலக் குறிப்பு ஒன்றில் மூன்று, மிஞ்சிப்போனால் ஏழு. என்னைக் கேட்டால் இறக்கை இல்லை, நிழல்தான். ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

உங்கள் முதல் வாதத்துக்கு இதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: லெகோலஸின் தலைமுடி என்ன நிறம்? படத்தில் பொன்னிறம், அதை ஒதுக்கிவையுங்கள். புத்தகத்தில் நேராக எங்கும் சொல்லவில்லை. ஹாபிட்டில் வரும் காட்டு எல்ஃப் அரசனுக்குப் பொன்முடி. அவன்தான் லெகோலஸின் தந்தை. ஆனால் ஆற்றங்கரையில் ஒரு இரவு, வில்லெடுத்து வானத்தைப் பார்த்து நிற்கும் லெகோலஸின் தலை, விண்மீன்களுக்கு எதிரில் கருமையாகத் தெரிகிறது. கருத்த முடியா, இருட்டில் எல்லாத் தலையும் அப்படித்தானா? அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, முன்னும் பின்னும் இரண்டு பத்தி படித்துவிட்டு வாருங்கள். பொன்னிறக் கட்சியில் ஏற்கெனவே கூட்டம் அதிகம்.